பாட்டுத்தாளின் பின்பக்கம்

— நான் உள்ளுக்கு ஒரு அடி வைக்க மாட்டேன், மாக்ரெட் அக்கா. மூணாம் நம்பர் கேட்டுக்கு வெளிய, ரோட்டுக்கு இந்தப் பக்கம், ஸ்டேடியத்துக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கிற. அது தான் முடிவு.

— முப்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு எங்கட ஹார்பர் லைட் கப் பைனலுக்கு வந்திருக்கு. கேம் தொடங்க அரை மணித்தியாலம் இருக்கேக்க, கடலை வண்டிக்குப் பக்கத்தில நிண்டு சொல்லுற கதையோ இது, பௌஸி?

— ஓம், இது தான் கதை. நாங்க போகல்லன்டா ஸ்டாண்ட் காலி. காலி ஸ்டாண்ட் டிவியில தெரியும். கிளப்பை எடுத்த கம்பனிட மானம் கப்பலேறும். பாருங்கொ, கறுப்புக் கொடி கூட தச்சுக் கொண்டு வந்தீக்கு.

— எத்தனை பேர் உன்னோட?

— அறுபத்து நாலு.

— நம்பாதீங்கக்கா. பௌஸி நானா வாயில அறுபத்து நாலுன்னா, எண்ணிப் பார்த்தா நாப்பது வரும்.

— லோகேஸ், நீ ட்ரம்மை அடி. ஏன்ட வாயை அடிக்காத. லிஸ்ட் பொக்கட்ல ஈக்கு. ஒவ்வொரு பேருக்கும் நேரா டிக் போட்ட லிஸ்ட்.

— எல்லாரும் ஆயுள் அங்கத்தவரோ, பௌஸி? மஞ்சள் கார்ட் வச்சிருக்கிற ஆக்களோ?

— அது என்னத்துக்கு? ரோட்ல நிக்க கார்ட் தேவல்லயே.

— கேட்டதுக்குப் பதில் சொல்லு.

— எல்லாருக்கிட்டயும் ஈக்கு. நீங்க தானே முந்தாநாள் மெசேஜ் போட்டீங்க, பைனலுக்கு வாரவங்க கட்டாயம் மஞ்ச கார்டோட வாங்கோன்டு.

— நல்லது. இப்ப கேளு. பதின்மூண்டாவது நிமிஷம் வரைக்கும் பேண்ட் அடிக்கும். அந்த நிமிஷம் பேண்ட் நிக்கும். நான் மெகாபோன்ல ரெண்டு வசனம் வாசிப்பன். எல்லாரும் எழும்பி கார்டைத் தூக்கோணும். அவ்வளவுதான். பிறகு நீ வெளியில வந்து முதுகைக் காட்டு, வயித்தைக் காட்டு, நான் ஒண்டும் சொல்ல மாட்டன். சரியோ?

— சரியில்ல. கார்டைத் தூக்க இது என்ன ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் மீட்டா? வார புதன்கிழமை நீர்கொழும்புப் பக்கம் ஹோட்டல்ல கம்பனிட கூட்டம். காலையில பத்து மணிக்கு. வேலைக்குப் போறவன் யார் அங்க போற? ஏழு நிமிஷத்துல ஹார்பர் லைட்டை இன்னொரு கிளப்போட சேர்த்துட்டு, கொச்சிக்கடை கிறவுண்ட்ல பதினெட்டு மாடி கட்டப் போறாங்க. அதுக்கு நாங்க மஞ்ச கார்ட் ஆட்டி டாட்டா காட்டுறதா?

— பதினெட்டு இல்லீங்க நானா, இருபத்து ரெண்டு. போர்ட்ல போட்டிருக்கு. சத்தியமா. கோல் போஸ்ட் இருக்கிற எடத்துல ஜிம்மாம்.

— கேட்டீங்களா? ஜிம்மாம். நாப்பது வருஷமா எங்கட பிள்ளைகள் அந்த மண்ணுல சும்மா ஓடினாங்க. இனி சல்லி கட்டி ஒரே எடத்துல நின்டு ஓடணும்.

— அதுக்காக மேட்ச் நேரத்துல ஸ்டாண்டைக் காலியா போடலாமா? நம்ம சுமனை நெனைச்சுப் பாருங்க. கேப்டன். காலையில எங்க சலூனுக்குத்தான் முடி வெட்ட வந்தான். கழுத்துல கத்தி வெக்கவே பயமா இருந்துச்சு, அவ்வளவு நடுக்கம். பேண்ட் சத்தம் கேட்டா எல்லாம் சரியாயிடும்டான்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். இப்ப அவன் வெளிய வந்து பார்த்தா சிமெந்து பெஞ்சுதான் இருக்கும்.

— நீ அடிக்கப் போற தானே லோகேஸ். போ, அடி. நான் தடுத்தேனா?

— உங்க ட்ரம்பட் இல்லாம நான் ட்ரம்மை மட்டும் அடிச்சா, யாரோ கதவைத் தட்டுறாங்கன்னு நெனைப்பாங்க.

— அப்ப நான் தனிய ஊதினா?

— பாட்டுப் போட்டுட்டு வர்ற சூன் பாண் வண்டின்னு நெனைச்சு பாண் வாங்க வருவாங்க.

— பாருங்கொ அக்கா, இவன்ட வாய். கிராண்ட்பாஸ் முழுக்க இவன்ட கத்திக்குப் பயமில்ல, நாக்குக்குத் தான் பயம்.

— ரெண்டு பேரும் பிறகு சண்டை பிடியுங்கோ. பௌஸி, எனக்கு உன்ட அறுபத்து நாலு பேரும் உள்ளுக்கு வேணும். வெளியில வேண்டாம். மூண்டு அம்பதுக்குள்ள வேணும்.

— ஏன் அக்கா?

— சொல்ல மாட்டன்.

— என்னது?

— கேமுக்குப் பதின்மூண்டு நிமிஷம் போன பிறகு சொல்லுறன். அதுக்கு முதல் அந்தோனியார் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டன்.

— எனக்குமா? இருபது வருஷமா இந்த கிளப்புக்கு வாயால ரத்தம் வர ஊதினவன் நான். எனக்கும் செல்ல மாட்டீங்களா?

— ஜூன் மாசம் என்ன நடந்தது?

— ஜூன்ல என்ன?

— கிறவுண்ட் கேட்டைப் பூட்டுறது எண்டு முடிவு எடுத்தம். அஞ்சு பேருக்குத் தான் தெரியும். காலமை ஆறு மணிக்குப் பூட்டோட போறன், கம்பனிட செக்யூரிட்டி எனக்கு முன்னால நிண்டு குட் மோர்னிங் சொல்லுறான்.

— நான் யாருக்கும் செல்லல்ல. அல்லாவுக்காக.

— பர்ஸானாவுக்கு?

— அவ ஏன்ட பொண்டாட்டி. அவக்கிட்ட செல்றதும் வெளி ஆளுக்குச் செல்றதும் ஒன்டா?

— பர்ஸானாட தம்பி அப்ஹாம் எங்க வேலை?

— ...கம்பனில. மீடியா செக்ஷன்.

— பிறகு?

— பிறகு... சரி. அது ஒரு தடவை. அப்ப நான் காட்டிக் குடுக்கிறவன், அப்பிடித்தானே?

— இல்லை. நீ காட்டிக் குடுக்கிறவன் இல்லை, பௌஸி. நீ சோறு தின்னேக்க கதைக்கிறவன். அந்தக் கதையை எல்லாம் கம்பனி தின்னுது.

— அக்கா, விட்டுருங்க. நானா முகத்தைப் பாருங்க, கடலையை மெல்லவும் முடியல, முழுங்கவும் முடியல.

— லோகேஸ், ஒனக்குத் தெரியுமா அக்கா என்ன செய்யப் போறான்டு?

— சத்தியமா தெரியாது நானா. பதின்மூணாவது நிமிஷம் ட்ரம்மை நிப்பாட்டுன்னாங்க. ஏன் பதின்மூணுன்னு கேட்டேன். கொழும்பு பதின்மூணு நம்ம ஏரியா தானே, அதுக்குத்தான்னாங்க. சரின்னுட்டேன்.

— அக்காட மேல எனக்கு வேற ஒரு கோவம் ஈக்கு. கம்பனிட டைரெக்டருக்கு ஒங்கட கையால ஆயுள் கார்ட் குடுத்தீங்க. மாலை போட்டு. போட்டோ புடிச்சு.

— கேட்டார், குடுத்தன். நூறு ரூபா கட்டி, போமை நிரப்பினா ஆருக்கும் குடுக்கோணும். நம்பர் நானூத்திப் பன்னிரண்டு. அவருக்கு மட்டும் லமினேட் பண்ணியும் குடுத்தனான்.

— தொரை செமி பைனல்ல அதை டிவிக்குக் காட்டினாரே, பார்த்தீங்களா நானா? கமரா திரும்பினதும் எழும்பி நின்னு, கார்டை ஆட்டி. கோல் போட்டது சுமன். ஆட்டுனது அவரு.

— அவன் கம்பனில ஈந்த எல்லாப் பழைய ஆளையும் மாத்தினான். கோச்சை மாத்தினான், கிறவுண்ட்ஸ்மேனை மாத்தினான். மாக்ரெட் அக்காவ மட்டும் செக்ரட்டரியா வச்சீக்கிறான். அது தான் எனக்கு வெளங்கல்ல.

— ரீ ஊத்துறவ எண்டு நினைச்சிருப்பான். முதல் மீட்டிங்கில நான் தான் ஊத்தினன். செக்ரட்டரிட வேலை என்னெண்டு அவனும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை.

— அதுவும் சரி தான்.

— பௌஸி, ரெண்டு கிழமைக்கு முன்னால நான் தந்த பாட்டுத்தாள் எங்க?

— இந்தா. கடலையை இதுல தானே சுத்திக் குடுத்தான். ஏன்டத வண்டிக்காரனுக்கிட்ட நீட்டி, இதுல போடுன்ட. அவன்ட பேப்பர்ல எண்ணெய் நாறுது.

— வாசிச்சனியோ?

— பாட்டுத்தாளை யார் அக்கா வாசிக்கிற? பல்லு மொளைக்க முந்தி பாடின பாட்டு. ஒவ்வொரு பெரிய கேமுக்கும் நீங்க அச்சடிக்கிறீங்க. நாங்க தொப்பி மடிச்சுப் போடுற, வெயிலுக்கு. இல்லாட்டி கடலை.

— இந்தத் தடவை ரெண்டு பக்கமும் அச்சு இருந்துச்சுக்கா. பின்பக்கம் மூணு பாஷையில. எழுத்து எறும்பு மாதிரி. பஸ் டிக்கட்டுக்குப் பின்னால இருக்கிற சட்டம் மாதிரி இருந்துச்சு, நான் திருப்பிட்டேன்.

— அந்தத் தாள்ல அவ்வளவு தான் இடம் இருந்தது. பாட்டு ஒரு பக்கம் முழுக்கப் பிடிச்சிட்டுது.

— அதையும் ஊடு ஊடா ரெஜிஸ்டர் தபால்ல வேற அனுப்பினீங்க. தபால்காரன் ஏன்ட கையெழுத்து வாங்கித் தான் தந்தான். பாட்டுத்தாளுக்குக் கையெழுத்தான்டு பர்ஸானா சிரிச்சா.

— பர்ஸானா சிரிச்சது நல்லது. நேரம் என்ன?

— மூணு முப்பத்தெட்டுக்கா.

— பௌஸி, ஒரு கேள்வி கேக்கிறன், கோவிக்காத. கொம்பனித்தெரு வீடு எப்பிடிப் போனது?

— அது ஒங்களுக்குத் தெரிஞ்ச கதை தானே.

— லோகேஸுக்குத் தெரியாது. சொல்லு.

— இப்ப அது என்னத்துக்கு? சரி. கட்டடம் கட்ட ஒரு கம்பனி வந்திச்சு, தம்பி. எங்கட லேன்ல நாப்பத்தெட்டு ஊடு. ஒரு கல்யாண ஹோல்ல கூட்டம் வச்சாங்க. நாங்க முப்பது ஊட்டுக்காரங்க செல்லின, இந்தக் கூட்டத்தை நாங்க மதிக்கல்ல, உள்ளுக்குப் போக மாட்டோம்ன்டு. ஹோலுக்கு வெளிய நின்டோம். கோஷம் போட்டோம். அன்டைக்கும் நான் தான் ட்ரம்பட் ஊதின. பேப்பர்ல போட்டோ கூட வந்திச்சு.

— உள்ளுக்கு எத்தனை பேர் போனது?

— பதினெட்டு.

— அந்தப் பதினெட்டுப் பேரும் என்ன செய்தவை?

— கை தூக்கினாங்க.

— பிறகு?

— பிறகு என்ன அக்கா. சமூகமளித்த எல்லாரும் சம்மதம்ன்டு எழுதினாங்க. இப்ப பதினோராம் மாடியில ஈக்கிறேன். லிப்ட் வேலை செய்ற நாளைக்கு நல்ல காத்து.

— வெளியில முப்பது பேர் நிண்டவை எண்டு அந்தப் புத்தகத்தில எங்கயாவது எழுதியிருக்கோ?

— இல்ல.

— அந்தப் போட்டோ?

— பர்ஸானா ப்ரேம் போட்டு வச்சீக்கிறா. எங்கட ஊட்டு ஹோல்ல.

— எனக்கு ஹார்பர் லைட்டையும் ப்ரேம் போட்டுப் பார்க்க விருப்பமில்லை, பௌஸி.

— நானா, கடலை கொட்டுது.

— கொட்டட்டும். மாக்ரெட் அக்கா, நீங்க என்னமோ செய்யப் போறீங்க.

— ரெண்டு வசனம் வாசிக்கப் போறன்.

— அதுக்கு மேல செல்ல மாட்டீங்க?

— நான் இருபத்தேழு வருஷம் ஹார்பர்ல வாஃப் கிளார்க். கப்பல்ல வந்த சாமானை எடுக்க, சத்தம் போட்டவனையும் பார்த்திருக்கிறன், சண்டை பிடிச்சவனையும் பார்த்திருக்கிறன். கடைசியில சாமானை எடுத்துக்கொண்டு போனது சரியான பேப்பரை, சரியான நாளில, சரியான இடத்தில வச்சவன் தான். இதுக்கு மேல கேக்காத.

— ஒரு கண்டிஷன். கறுப்புக் கொடியும் உள்ளுக்கு வரும்.

— வரட்டும். கார்டும் வரோணும்.

— நான் போய்க் கூப்பிடுறேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இராமர் அண்ணன் தான் எல்லாரையும் வரிசையா நிப்பாட்டி வச்சீக்கிறார். முதுகைக் காட்டிப் பழக்கிட்டு ஈக்கிறார், பாவம்.

— ஓடு. லோகேஸ், நீ கேட்டுக்கு வா. அந்தப் பொடியன் கொடியைப் பார்த்தால் விட மாட்டான். நான் சிங்களத்தில கதைக்கிறன்... மல்லி, மே ஒக்கோம அபே கட்டிய. ஒக்கோமட்ட டிக்கட் தியெனவா. ஆ, கொடிய? ஏக்க ட்ரம் எக்க வஹன ரெத்தக், மல்லி. வெஸ்ஸ ஆவொத்.

— அக்கா, எல்லாரும் நம்ம ஆளுங்க, டிக்கட் இருக்குன்னது சரி. கறுப்புக் கொடி ட்ரம்மை மூடுற துணியா? மழை வந்தாலா? வானத்துல ஒரு மேகம் இல்ல.

— அவன் விட்டானா இல்லையா?

— விட்டான்.

— அப்ப நட. எட்டாவது வரிசையில இருந்து பன்னிரண்டு வரைக்கும் எங்கட இடம். ஒருத்தரும் சிதறி இருக்கக் கூடாது. முத்துலிங்கத்தார் மேல் படியில இருந்து பார்க்கேக்க எல்லாத் தலையும் ஒரே பார்வையில விழோணும்.

— முத்துலிங்கம் ஐயா எதுக்குங்க்கா கொப்பியும் பேனையுமா ஒக்காந்திருக்காரு? ஸ்கோர் எழுதவா?

— கோர்ட்டில முப்பது வருஷம் எழுதின கை. சும்மா இருக்க ஏலாது, எழுதட்டும்.

— அக்கா, நானா வந்துட்டாரு. கொடி முன்னால வருது, ஆளு பின்னால.

— எல்லாரும் வந்தாச்சு, மாக்ரெட் அக்கா. அறுபத்து நாலு. லிஸ்ட்டைப் பார்த்து டிக் போட்டுத் தான் உள்ளுக்கு விட்ட. ஏற்கெனவே இங்க எத்தனை பேர்?

— நூத்தி முப்பத்தாறு.

— இவ்வளவு துல்லியமா?

— இவ்வளவு துல்லியமா. ட்ரம்பட்டை எடு, பௌஸி. டீம் வருது.

— லோகேஸ், ஒன்டு, ரெண்டு...

— சுமன் மேல பார்க்கிறான் நானா. ஊதுங்க, விடாம ஊதுங்க. பார்த்துட்டான். சிரிச்சுட்டான். சத்தியமா இப்பதான் எனக்கு மூச்சு வருது.

— விசில் அடிச்சாச்சு. லோகேஸ், நீ தான் நேரம் பார்க்கிற. பெரிய ஸ்கிரீன்ல ஓடுது. எனக்கு மெகாபோனைப் பிடிச்சுக்கொண்டு கண்ணாடி போட ஏலாது.

— ரெண்டு நிமிஷம்க்கா. மன்னார் டீம் நல்லா ஏறி வருது. நம்ம பக்கம் வலது பேக் தூங்குறான்.

— மெகாபோன் சத்தம் அந்தப் பக்கம் கேக்குமா, அக்கா? விஐபி பொக்ஸுக்கு?

— அது கண்ணாடி போட்ட இடம், உள்ளுக்கு ஏசி. கேக்காது. எங்கட ஆக்களுக்குக் கேட்டாக் காணும். நீ ஊது.

— அஞ்சு நிமிஷம்.

— டைரெக்டர் வந்தீக்கிறானா?

— நடுவுல, வெள்ளைக் கோட். பக்கத்துல உங்க மச்சான் அப்ஹாம், போனோட. தொரை கமரா எங்க இருக்குன்னு தேடிட்டு இருக்காரு.

— பார்க்காத, லோகேஸ். அடி.

— ஒம்பது. ஐயோ சுமன், குடுடா, எடது பக்கம் குடு... போச்சு. கோர்னர். பத்து. அக்கா, நம்ம டீம் ஏறி விளையாடுது. பதின்மூணுல நிப்பாட்டணுமா? ரெண்டு நிமிஷம் தள்ளிப் போட ஏலாதா?

— ஏலாது. பதின்மூண்டு எண்டு அச்சில போட்டாச்சு.

— எந்த அச்சுல?

— நீ நேரத்தைப் பார்.

— பதினொண்ணு. நானா, இன்னொரு தரம் அந்தப் பழைய பாட்டு. மெதுவா தொடங்கி... ஆ, அப்பிடி. பன்னெண்டு. பன்னெண்டரை. அக்கா, ரெடியா?

— ரெடி.

— பதின்மூணு. நிப்பாட்டிட்டேன்.

— அங்கத்தவர்களே, எல்லாரும் எழுந்து நில்லுங்கள். யாப்பின் ஒன்பதாம் விதிப்படி அழைக்கப்பட்ட ஹார்பர் லைட் விளையாட்டுக் கழகத்தின் விசேட பொதுக்கூட்டம் இப்போது ஆரம்பமாகிறது.

— என்ன? என்ன கூட்டம்?

— பிரேரணை ஒன்று தான். கம்பனியுடன் செய்த ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது. கழகம் எவருடனும் சேராது. கொச்சிக்கடை மைதானம் எவருக்கும் கொடுக்கப்படாது. ஆதரிக்கிறவர்கள் அங்கத்துவ அட்டையை உயர்த்துங்கள். எண்ணி முடியும் வரை ஒருவரும் கையை இறக்கக் கூடாது.

— லா இலாஹ இல்லல்லாஹ்.

— லோகேஸ், அது ட்ரம் குச்சி. கார்டைத் தூக்கு.

— தூக்கிட்டேங்க்கா. குச்சியைக் கீழ போட்டுட்டேன்.

— மாக்ரெட் அக்கா, நானும் தூக்கிட்டுத் தான் கேக்கிறேன். இது என்னது?

— மற்றக் கையால கடலைச் சுருளை விரிச்சுப் பின்பக்கம் வாசி.

— "அறிவித்தல்... விசேட பொதுக்கூட்டம்... கிண்ண இறுதிப் போட்டி, கிழக்குப் பக்க ஸ்டாண்ட், ஆட்டத்தின் பதின்மூன்றாவது நிமிடம்..." ரெண்டு கிழமையா வச்சீந்து, இதுல நான் கடலையா தின்ட?

— கேமில கூட்டம் வைக்கலாமுங்களா அக்கா? செல்லுமா?

— இந்தக் கிளப்பைத் தொடங்கினது ஹார்பர்ல மூட்டை தூக்கின ஆக்கள், லோகேஸ். அவைக்கு லீவு எண்டா கேம் நாள் மட்டும் தான், மண்டபம் எடுக்க வழியும் இல்லை. அதால விதி ஒன்பதில எழுதி வச்சவை: அங்கத்தவர் கேம் பார்க்கக் கூடுற இடம் எதுவும் கூட்டம் நடத்துற இடம். சத்தத்தில குரல் கேக்காது, அதால எந்த ஸ்டாண்டில இருந்தாலும் கார்டைத் தூக்கினா வாக்கு. பதினாலு நாள் அறிவித்தல் வேணும். பதினஞ்சு நாளுக்கு முதலே தந்தனான். புது யாப்பு எழுதப் போற கம்பனி, எங்கட பழைய யாப்புப் புத்தகத்தை இன்னும் வாசிக்கக் கூட இல்லை.

— ஒரு சொல்லு எனக்குச் செல்லியீக்கலாமே. நேத்தைக்காவது.

— புதன்கிழமை கம்பனி தன்ர வேலையாக்கள் முந்நூறு பேருக்கு ஆயுள் கார்ட் குடுக்கப் போகுது. அந்தப் போம் எல்லாம் என்ர மேசையில தான் வந்து விழுந்தது. நேத்து உனக்குச் சொல்லியிருந்தா, பர்ஸானா ராத்திரிச் சாப்பாட்டில கேட்டிருப்பா, இண்டைக்குக் காலமை முந்நூறு கார்டும் அடிச்சிருப்பாங்கள்.

— ...சரி. நியாயம்.

— அக்கா, எத்தனை கை வேணும்?

— இருநூறு. நானூத்திப் பன்னிரண்டு கார்டில கொஞ்சம் கனடாவில, கொஞ்சம் கனத்தைச் சவக்காலையில. கால் நூற்றாண்டா ஒரு கூட்டத்துக்கும் இருநூறு சேர்ந்ததில்லை. அதுக்குத் தான் உன்ட அறுபத்து நாலு, பௌஸி. நூத்தி முப்பத்தாறும் அறுபத்து நாலும்.

— இருநூறு. யா அல்லா. நான் ரோட்ல முதுகைக் காட்டிட்டு நின்டீந்தா...

— நிக்கேல்லை தானே. முத்துலிங்கத்தார், எண்ணி முடிஞ்சதோ?

— ஐயா தலையை ஆட்டுறாரு. திரும்ப எண்ணுறாருக்கா. ஒரு வெரலைக் காட்டுறாரு.

— ஒரு விரல் எண்டா?

— நூத்தித் தொண்ணூத்தொம்பதாம்.

— இல்லை. இருக்க ஏலாது. பௌஸி, உன்ட லிஸ்ட்.

— இந்தா. எல்லாம் டிக் போட்டது. நீங்களே பாருங்கொ.

— பௌஸி. இது முதலாவது பேர், நீ. இருபத்திரண்டாவது என்ன?

— ட்ரம்பட்.

— ட்ரம்பட் எண்டா ஆர்?

— பேண்ட் ஆக்களையும் எழுதச் செல்லி இராமர் அண்ணன்... ட்ரம்பட் நான் தான். நான் ஊதுற.

— உனக்கு ரெண்டு டிக்.

— நான் தான் சொன்னேனே அக்கா, நானா வாயில அறுபத்து நாலுன்னா...

— இப்ப வேணாம் லோகேஸ். அக்கா, நான் ரெண்டு கையையும் தூக்கவா?

— கார்டுக்கு ஒரு வாக்கு. பக்கத்து ஸ்டாண்டில எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ? ஒரு ஆள். ஒரே ஒரு ஆள்.

— பார்த்தாச்சு, ஒருத்தருமில்ல. எல்லாரையும் நீங்க தானே இங்க கொண்டு வந்து ஒக்கார வெச்சீங்க. கை வலிக்குதுன்னு பின்னால ஜீவராணி அக்கா முனகுறாங்க.

— இறக்க வேண்டாம் எண்டு சொல்லு. எண்ணி முடியேல்லை. கூட்டம் இன்னும் நடக்குது.

— அக்கா, ஸ்கிரீனைப் பாருங்க.

— கேம் பிறகு, லோகேஸ்.

— கேம் இல்லீங்க்கா. கமரா நம்ம மஞ்ச கார்டையெல்லாம் காட்டுது. இப்ப விஐபி பக்கம் திரும்பிருச்சு. தொரை எழும்பிட்டாரு. நாமெல்லாம் அவருக்குத்தான் கார்டு காட்டுறோம்னு நெனைச்சுட்டாரு போல. நம்மளைப் பார்த்துக் கும்பிடுறாரு.

— கும்பிட்டாக் காணாது, கார்ட் வேணும்.

— கோட்டுப் பைக்குள்ள கையை உடுறாரு.

— அந்தோனியாரே.

— அக்கா, அங்க பாருங்கொ, அப்ஹாம். அவன்ட கையிலயும் பாட்டுத்தாள் ஈக்கு. திருப்பித் திருப்பி பின்பக்கத்தைப் பார்க்கிறான். டைரெக்டர்ட கையைப் புடிக்கிறான். என்னமோ காதுல செல்றான்.

— தொரை அவனைத் தட்டி விட்டுட்டாரு. கமரா முன்னால நிக்குதே.

— எடுத்துட்டாரோ? லோகேஸ், என்ன எடுத்தவர்? எனக்குத் தெரியேல்லை, சொல்லு.

— மஞ்ச. தலைக்கு மேல தூக்கிட்டாருக்கா, நல்லா உசத்தி. வெயில் பட்டு மின்னுது.

— நான் லமினேட் பண்ணினது.

— ஆனா அக்கா, அது எண்ணப்படுமா? அவன் என்னத்துக்குத் தூக்குறான்டு அவனுக்கே தெரியாதே.

— பதினஞ்சு நாளுக்கு முன்னால ரெஜிஸ்டர் தபால்ல போன அறிவித்தலை, தன்ர கையெழுத்துப் போட்டு எடுத்திருக்கிறார். அந்தத் துண்டு என்ர ஹேண்ட்பேக்கில இருக்கு. முத்துலிங்கத்தார், எழுதுங்கோ: நானூத்திப் பன்னிரண்டாம் கார்ட், டைரெக்டர், ஆதரவு. மொத்தம் இருநூறு.